இருப்பிடம், விதிவிலக்கு, ஒழுக்கம்: மேற்கு நாட்டு முஸ்லிம்களுக்கான மார்க்க அறிவுரை கடந்துவந்த பாதை

மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களுக்கு மார்க்க அறிஞர்கள் வழங்கிவந்த அறிவுரைகளின் வரலாற்றைப் பலரும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். முன்பு வெளியேறச் சொன்னார்கள். இப்போது சலுகைகளோடு தங்கச் சொல்கிறார்கள். கண்டிப்பில் தொடங்கித் தளர்வில் முடிகிற இந்தச் சித்திரத்துக்குச் சான்றுகள் இடம் தருவதில்லை. தங்கியிருப்போருக்கு இடமளித்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. வெளியேறச் சொன்ன குரல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் கேட்டது. காலந்தோறும் மாறியது அறிஞர்கள் எடுத்துக்கொண்ட கேள்விதான். ஒரு முஸ்லிம் எங்கே வாழலாம் என்பது முதல் கேள்வி. வாழ நேர்ந்த இடத்தில் எதற்கெல்லாம் விலக்கு உண்டு என்பது இரண்டாவது. அங்கே எப்படிப்பட்ட மனிதராக வாழ்வது என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வி இன்றைய கண்டுபிடிப்பு அன்று. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் முஸ்லிம்களுக்காகவே அதற்கு விடை எழுதப்பட்டது. சட்ட விவாதங்களின் நிழலில் அது நெடுங்காலம் மறைந்துகிடந்தது என்பதும், அதை மீட்டெடுத்ததே அண்மைக் கால அறிவுரையின் உண்மையான சாதனை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இருப்பிடம் பற்றிய விவாதத்துக்கு மூலங்கள் இருபுறமும் இருந்தன. கி.பி. 615 அளவில் மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் அபீசீனியாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம் அடைக்கலம் புகுந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) 622இல் மதீனா சென்ற பிறகும் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) உள்ளிட்ட ஒரு குழுவினர் 628 வரை அங்கேயே வாழ்ந்தனர். மறுபுறம், வெளியேற வழியிருந்தும் ஒடுக்குமுறைக்குள் தங்கிவிட்டவர்களைக் கண்டிக்கும் வசனம் குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளது. இணைவைப்போர் நடுவே குடியிருப்பதை எச்சரிக்கும் நபிமொழியும், மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக நாடு பெயர்தல்) இல்லை என்னும் நபிமொழியும் அருகருகே நிற்கின்றன. மாலிகி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) அறிஞர்கள் பெரும்பாலும் எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்தனர். ஷாஃபி மத்ஹபின் மாவர்தீ (இறப்பு 1058), மார்க்கத்தை வெளிப்படையாகப் பின்பற்ற முடிகிற இடத்தில் வெளியேறுவதைவிடத் தங்குவதே மேல் என்று கருதினார். அப்படித் தங்குபவரால் பிறருக்கு இஸ்லாம் அறிமுகமாகும் என்பது காரணம். ஆக, ‘பழைய சட்டம்’ என ஒற்றைக் குரலில் பேசும் ஒன்று தொடக்கத்திலிருந்தே இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சிசிலித் தீவு நார்மன் கிறித்தவர் கைக்குப் போனபின், அவர்கள் நியமித்த காழிகளின் (முஸ்லிம் நீதிபதிகளின்) தீர்ப்பு செல்லுமா என்ற கேள்வி மஹ்தியாவில் இருந்த மாலிகி அறிஞர் மாஸரீயிடம் (இறப்பு 1141) வந்தது. தங்கியிருப்போருக்குத் தக்க காரணம் இருக்கக்கூடும் என்று நல்லெண்ணம் கொள்ள வேண்டும் எனச் சொல்லி, அத்தீர்ப்புகளை அவர் ஏற்றார். அதே மத்ஹபைச் சேர்ந்த அஹ்மத் அல் வன்ஷரீஸி, ஃபெஸ் நகரில் 1491இல் எழுதிய ஃபத்வாவில் எதிர்முனைக்குப் போனார். ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்கு வந்து, பிழைப்புக்கு வழியின்றி, வந்ததற்கே வருந்திய அகதிகளை அவர் கடுமையாகச் சாடினார். மார்பெல்லா ஊரைச் சேர்ந்த ஒருவர் பற்றி வந்த கேள்வி இன்னும் நுட்பமானது. நல்லொழுக்கத்துக்குப் பெயர்பெற்ற அவர், ஊரில் எஞ்சிய எளிய முஸ்லிம்களுக்காகக் கிறித்தவ அதிகாரிகளிடம் பேசி அவர்களைக் காப்பாற்றவே தங்க விரும்பினார். அதற்கும் வன்ஷரீஸி இசையவில்லை. பிறருக்கு உதவுவது என்ற நற்செயல்கூட இருப்பிடத்தின் குற்றத்தைக் கழுவாது என்பது அவர் நிலை. ஒருவரின் செயலையும் எண்ணத்தையும் நிலம் முழுமையாக விழுங்கிவிடும் தருக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வரலாறு வன்ஷரீஸியின் அச்சத்தை மெய்ப்பித்துவிட்டதே என்று கேட்கலாம். கிரனாடா 1492இல் வீழ்ந்தது. சரணடைவு ஒப்பந்தம் அளித்த வழிபாட்டுரிமை பத்தாண்டுக்குள் மீறப்பட்டது. 1502இல் காஸ்டிலிலும், 1526க்குள் வலென்சியா, அரகோன் பகுதிகளிலும் முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். மொரிஸ்கோக்கள் எனப்பட்ட இவர்களின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் காலக்கணக்கு முழுமையற்றது. தொலேதோ 1085இல் கிறித்தவ ஆட்சிக்குப் போனது. ஸரகோஸா 1118இல் போனது. அதன்பின் நானூறு ஆண்டுகள் அப்பகுதிகளின் முஸ்லிம்கள் பள்ளிவாசலும் காழியும் கொண்ட சமுதாயமாக நீடித்தனர். பிற மதத்தவர் ஆட்சியில் குடியிருந்தது அவர்களின் சமயத்தை அழிக்கவில்லை. வழிபாட்டுரிமையைப் பறித்த அரசாணையும் சமய விசாரணை மன்றமும்தான் அழித்தன. மேலும், கப்பல் கூலிக்கு வழியில்லாத உழவருக்கும் நெசவாளருக்கும் ‘வெளியேறு’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வன்ஷரீஸியிடம் வேறு எதுவும் இல்லை. அவர்கள் நாளைக் காலை எப்படி வாழ வேண்டும் என்பதற்கு அவருடைய ஃபத்வாவில் பதில் கிடையாது.

அந்தப் பதிலைத் தந்தவர்கள் வேறு. செகோவியா நகர முஃப்தி ஈஸா, அரபு மொழியை இழந்துவிட்ட தம் மக்களுக்காக 1462இல் காஸ்டிலிய மொழியிலேயே ஒரு மார்க்கச் சுருக்க நூல் எழுதினார். தொழுகை, நோன்பு விதிகளோடு, அண்டை வீட்டார் உறவினரோ அந்நியரோ வேற்று மதத்தவரோ யாராயினும் மதித்து நடப்பதும், தலைவர் முஸ்லிம் அல்லாதவராயினும் அவருக்கு உண்மையாக இருப்பதும் அதில் கடமைகளாக இடம்பெற்றன. தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பாதுகாத்ததைப் போல, பின்வந்த மொரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி இத்தகைய நூல்களைக் கையெழுத்துப் படிகளாகக் காத்தனர். கட்டாய மதமாற்றத்துக்குப் பின், 1504இல், இப்னு அபீ ஜும்ஆ என்னும் அறிஞர் அனுப்பிய ஃபத்வா ஒருபடி மேலே போனது. பகலில் தொழ விடாவிட்டால் இரவில் தொழலாம், சைகையாலும் தொழலாம். ஏழைக்குத் தரும் எதையும் ஜகாத்தாக எண்ணிக் கொடுக்கலாம். நீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்யும் தயம்முமுக்கு மண் கிட்டாவிட்டால் சுவரைத் தடவினாலும் போதும். விலக்கப்பட்டதைச் செய்யக் கட்டாயப்படுத்தினால் உள்ளத்தால் அதை வெறுக்க வேண்டும். இங்கே சட்டம் முழுவதும் நிய்யத்தின் (உள்ளத்து எண்ணத்தின்) மேல் நிறுத்தப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தின் ஷாஃபி அறிஞர் ஷிஹாபுத்தீன் ரம்லீ (இறப்பு 1550), வழிபாட்டுக்குத் தடையில்லாத நிலையில் வாழ்ந்த அரகோன் முஸ்லிம்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர்கள் வெளியேறத் தேவையில்லை, தங்குவதால் இஸ்லாம் பிறரைச் சென்றடையக்கூடும் என்று விடையளித்தார். பிற மதத்து அரசர்களின் கீழேயே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த தமிழகக் கடற்கரை முஸ்லிம்களும் பின்பற்றியது இந்த ஷாஃபி மத்ஹபையே என்பது குறிப்பிடத்தக்கது.

ஐரோப்பியப் பேரரசுகள் விரிந்தபோது பழைய கேள்வி புதிய ஊர்களில் எழுந்தது. போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரி 1878இல் கைப்பற்றியதும் பலர் உதுமானிய நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். ஹிஜ்ரத் கட்டாயமில்லை என்று துஸ்லா நகர முஃப்தி அஸாபாகிச் 1884இல் வாதிட்டு எழுதினார். 1908இல் நாடு முறைப்படி இணைக்கப்பட்டபின் ஒரு போஸ்னிய மாணவர் கேட்ட கேள்விக்கு, மார்க்கத்தைப் பின்பற்றத் தடையில்லாதவரை வெளியேறத் தேவையில்லை என்று கெய்ரோவின் ‘அல் மனார்’ இதழில் ரஷீத் ரிளா பதிலளித்தார். ஆஸ்திரியா 1912இல் இஸ்லாமைச் சட்டப்படி அங்கீகரித்தது. இதற்கிடையே 1903இல் எகிப்தின் முஃப்தி முஹம்மத் அப்துஹு, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த மூன்று கேள்விகளை எதிர்கொண்டார். ஐரோப்பியத் தொப்பி அணியலாமா, கிறித்தவர் அறுத்த இறைச்சியை உண்ணலாமா, ஹனஃபி இமாமின் பின்னால் ஷாஃபி தொழலாமா? அவர் மூன்றுக்கும் இடம் கொடுத்தார். தங்குவதா வேண்டாமா என்பது இக்கேள்விகளில் இல்லை, தங்கியாகிவிட்டது. உடையும் உணவும் அன்றாடமும்தான் இப்போது தீர்ப்புக்கு வருகின்றன. விதிவிலக்கின் காலம் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிலாளர்கள் இக்கேள்விகளைச் சிறிது காலம் ஒத்திவைத்தனர். துருக்கியோடு ஜெர்மனி 1961இல் ஒப்பந்தம் செய்து ஆள் எடுத்தபோது, வந்தவர்களும் அழைத்தவர்களும் இது தற்காலிகம் என்றே நம்பினர். 1973இல் ஆள் எடுப்பு நின்று, குடும்பங்கள் வந்துசேர்ந்து, பிள்ளைகள் பள்ளி சென்றபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. 1990களில் தாஹா ஜாபிர் அல் அல்வானியும் யூசுஃப் அல் கர்ளாவியும் ஆகிய அறிஞர்கள் சிறுபான்மையினருக்கான ஃபிக்ஹு (மார்க்கச் சட்டவியல்) என்ற துறையை உருவாக்கினர். அமெரிக்கத் தேர்தலில் முஸ்லிம்கள் வாக்களிக்கலாம் என்ற தீர்ப்பு 1994இல் வந்தது. ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் கர்ளாவியின் தலைமையில் 1997இல் நிறுவப்பட்டது. வேறு வழியில்லாதவர் குடியிருக்க வீடு வாங்க வட்டிக் கடன் பெறலாம் என்று அது 1999இல் முடிவு செய்தது. தேவை நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பெறும் என்ற விதியையும், முஸ்லிம் அல்லாத நாட்டு ஒப்பந்தங்கள் பற்றிய பழைய ஹனஃபி கருத்தையும் அதற்கு ஆதாரமாகக் கொண்டது. வாடகை வீட்டில் அலைக்கழிந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மனச்சுமையை இந்த உழைப்பு இறக்கிவைத்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இத்துறைக்கு எழுந்த மறுப்புகளும் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. சிரியாவின் அறிஞர் ஸஈத் ரமளான் அல் பூத்தி, மேற்குக்கென்று தனி இஸ்லாம் ஒன்றை இது உருவாக்கிவிடும் என்று எச்சரித்தார். தனி இஸ்லாம் என்பது மிகை. மேற்படி தீர்ப்புகள் எல்லாம் பழைய மத்ஹபுகளின் கருத்துகளையே நாடுகின்றன. எனினும் அவருடைய எச்சரிக்கையில் ஒரு மெய்யான உள்ளீடு உண்டு. நிர்ப்பந்தம் என்பது நெருக்கடியில் கைகொடுக்கும் விதி. பரம்பரை பரம்பரையாக அதிலேயே வாழ முடியாது. 2003 டிசம்பரில் எகிப்தின் மார்க்கக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைவர் தன்தாவி, பள்ளியில் தலைமுக்காட்டைத் தடைசெய்ய பிரான்சுக்கு உரிமை உண்டு, கட்டாயத்துக்கு ஆளாகும் பெண்மீது குற்றமில்லை என்றபோது இந்த வரம்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தத் தீர்ப்பு மாணவியின் மேலிருந்த பாவச் சுமையை நீக்கியது. அவள் தன் நாட்டில் தன் நம்பிக்கையோடு எப்படித் தலைநிமிர்ந்து வாழ்வது என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. வன்ஷரீஸியிடம் இருந்த அதே வெற்றிடம், இப்போது சலுகையின் வடிவில் திரும்பிவந்தது.

இந்த வெற்றிடத்தை நிரப்ப முனைந்தவர்கள் பெரும்பாலும் மேற்கிலேயே பிறந்தவர்களும் அங்கே இஸ்லாமைத் தழுவியவர்களுமாக இருந்தது தற்செயல் அன்று. திரும்பிப்போக வேறு ஊர் இல்லாதவருக்கு இருப்பிடக் கேள்வி பொருளற்றது. விதிவிலக்கோ தம்மை நிரந்தர விருந்தாளியாக்கும் ஏற்பாடு. மொரித்தானிய அறிஞர் முஹம்மத் மவ்லூதின் உள்ளத் தூய்மை பற்றிய செய்யுள் நூலை அமெரிக்க அறிஞர் ஹம்ஸா யூசுஃப் விரிவுரையோடு 2004இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பொறாமை, கஞ்சத்தனம், தற்பெருமை ஆகியவை அதன் பொருள். அதே ஆண்டில் உமர் ஃபாரூக் அப்துல்லாஹ், இஸ்லாம் சென்ற இடமெல்லாம் அந்தந்த மண்ணின் பண்பாட்டை ஏற்றே வேரூன்றியது என்றும், அமெரிக்காவிலும் அதுவே கடமை என்றும் வாதிட்டார். கலிஃபோர்னியாவில் ஸைத்தூனா கல்லூரியும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் முஸ்லிம் கல்லூரியும் 2009இல் உருவாயின. இவற்றின் அறிவுரை அண்டை வீட்டாருக்கும் படைத்தவனுக்கும் செய்ய வேண்டியதை ஒரே மூச்சில் பேசுகிறது. செகோவியாவின் முஃப்தி தம் மக்களின் மொழியில் எழுதியதும் இதையேதான். 2010இல் துருக்கியின் மார்தின் நகரில் கூடிய அறிஞர்கள், உலகை இஸ்லாமிய நிலம், போர் நிலம் என்று பிரிக்கும் பழைய வகைப்பாடு இன்றைய நாடுகளுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது இந்த மாற்றத்துக்குச் சட்டத் தளத்தில் கிடைத்த ஒப்புதல் எனலாம்.

கடைசி மறுப்பு ஒன்று உண்டு. உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் பேசுவது ஆட்சியாளருக்கு வசதியானது. அநீதியைத் தட்டிக்கேட்காத சாந்தமான குடிமகனைத்தான் அது உருவாக்கும் என்பது அம்மறுப்பு. 2001 செப்டம்பரில், அமெரிக்கப் படையின் முஸ்லிம் வீரர்கள் ஆப்கானிஸ்தான் போரில் பங்கேற்க இடமளித்த ஃபத்வாவை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அந்த ஃபத்வா விதிவிலக்குத் தருக்கத்தின் விளைவு. பதவியும் விசுவாசமும் பாதிக்கப்படாதிருக்க வீரருக்குக் கிடைத்த விலக்கு அது. ஒழுக்க மரபு அதைவிடக் கடினமானதைக் கேட்கிறது. தமக்கும் தம் பெற்றோருக்கும் எதிராக ஆனாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஆணையிடும் குர்ஆன் அதன் அடிப்படை. அந்தச் சாட்சி சமுதாயத்தின் உள்ளே நடக்கும் அநீதிக்கும் அரசின் அநீதிக்கும் ஒருசேரப் பொருந்தும். சட்டத்தை ஒதுக்கிவிட்டு உள்ளத்தை மட்டும் பேசும் அறிவுரை வெறும் ஆறுதலாகச் சுருங்கிவிடும் என்பது உண்மையே. அதனால்தான் 1504இன் ஃபத்வா தொழுகையைக் கைவிடச் சொல்லவில்லை. தொழுகைக்கு எந்த வழி மிச்சமிருக்கிறது என்று தேடியது.

ஆகவே இவ்வரலாற்றைத் தளர்வின் கதையாகப் படிப்பது இரு தரப்புக்கும் அநீதி. கண்டித்தவர்கள் நம்பிக்கை கரைந்துவிடும் என்று அஞ்சினார்கள். சலுகை தந்தவர்கள் சுமை முறித்துவிடும் என்று அஞ்சினார்கள். இரண்டு அச்சத்துக்கும் ஆதாரம் இருந்தது. ஆனால் இரு தரப்பும் மேற்கு நாட்டு முஸ்லிமை அங்கே இருக்கக் கூடாத ஒருவராகவே கண்டன. அறிவுரையின் தரத்தை அளக்க இந்த வரலாறு ஓர் அளவுகோலைத் தருகிறது: வேறு தாயகம் இல்லாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு, தடையோ நெருக்கடியோ இல்லாத சாதாரண நாளிலும், அது செய்வதற்கு ஏதேனும் நல்லதைச் சொல்கிறதா? வெளியேற்றமும் விலக்கும் மட்டுமே அறிந்த அறிவுரை இந்த அளவுகோலில் தேறாது. நிய்யத்தையும் நீதியையும் அண்டை வீட்டாரின் உரிமையையும் கற்பிக்கும் அறிவுரை தேறும். அதற்கு எந்த நாட்டின் எல்லையும் தடையில்லை.