எலிசபெத் எழுதிய கடிதம்

நாட்குறிப்பு என்றதும் தமிழ் இலக்கிய அபிமானிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பாகும். 1736ஆம் ஆண்டில் தொடங்கும் அந்நூல் கப்பல் வரவையும் வியாபாரத்தையும் கவர்னர் மாளிகை விவகாரங்களையும் விரித்துரைப்பது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் லண்டன் மாநகரில் எழுதப்பட்ட வேறொரு நாட்குறிப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அதிலும் அரச விவகாரம் உண்டு, யுத்தம் உண்டு, கொள்ளைநோயும் பெருந்தீயும் உண்டு. ஆயினும் அவற்றுக்காகச் சரித்திர ஆசிரியர்கள் அந்நூலைப் போற்றுவது ஒருபுறமிருக்க, அதன் பக்கங்களிலே ஓர் இளந்தம்பதியர் குடித்தனம் நடத்துகின்றார்கள். சமைக்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், சமாதானமாகிறார்கள். அந்த வீட்டுக்குள்ளேதான் நாம் போகப்போகின்றோம்.

கணவனின் பெயர் சாமுவேல் பீப்ஸ். 1633இல் லண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். மனைவி எலிசபெத். பிரான்ஸ் தேசத்துத் தந்தைக்குப் பிறந்தவள். 1655ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி வெஸ்ட்மினிஸ்ரரில் அவர்களின் திருமணப் பதிவு நடந்தபோது மாப்பிள்ளைக்கு 22 வயது, பெண்ணுக்கு 15 வயது. பெண் வீட்டார் ஏழைகள். சீதனம் என்று ஒரு காசும் வரவில்லை. மாப்பிள்ளையிடமும் எதுவும் இருக்கவில்லை. உறவினரான எட்வேர்ட் மொன்ரேகு பிரபுவின் வாசஸ்தலத்தில் ஒதுக்கப்பட்ட அறையிலேதான் இல்வாழ்க்கை ஆரம்பமாயிற்று. காதலுக்காகச் செய்துகொண்ட கல்யாணம் அது.

1660ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பீப்ஸ் நாட்குறிப்பை எழுதத் தொடங்குகிறார். அப்பொழுது அவர்கள் அக்ஸ் யார்ட் என்னும் சந்தில் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். கணவன், மனைவி, வேலைக்காரப் பெண்ணான ஜேன் ஆகிய மூவரே அந்த வீட்டில். முதல் நாள் பதிவிலேயே எலிசபெத் வந்துவிடுகிறாள். மிச்சமிருந்த வான்கோழி இறைச்சியைச் சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள் என்கிறார் பீப்ஸ். ஆங்கில உரைநடையின் பெரும் பொக்கிஷங்களுள் ஒன்று, அடுப்படியில் சுட்டுப்போன ஒரு பெண்ணின் கையுடன் ஆரம்பிக்கின்றது!

அதே மாதம் 16ஆம் திகதி. உடுப்புத் தோய்க்கும் நாள். இரவு வெகுநேரம் விழித்திருந்து எழுதிக்கொண்டிருக்கிறார் பீப்ஸ். மணியடித்துக்கொண்டு செல்லும் இராக்காவலன், மணி ஒன்று கடந்துவிட்டதென்றும் குளிரும் காற்றுமான வேளையென்றும் கூவுவது தெருவில் கேட்கிறது. பீப்ஸ் படுக்கைக்குப் போகிறார். எலிசபெத்தும் ஜேனும் அப்பொழுதும் தோய்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். இதற்குமேல் அவர் விளக்கமேதும் தரவில்லை. விளக்கம் வேண்டியதுமில்லை.

1660இன் நடுப்பகுதியில் அவர்களின் நிலைமை மாறியது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் நாடு திரும்பினார். மொன்ரேகுவின் செல்வாக்கினால் பீப்ஸ் கடற்படைச் சபையின் எழுதுவினைஞர் பதவியைப் பெற்றார். வருடச் சம்பளம் 350 பவுண். சீதிங் லேன் என்னும் வீதியிலே உத்தியோக வீடு. அயலில் அதே சபையைச் சேர்ந்த சேர் வில்லியம் பென்னும் சேர் வில்லியம் பற்றனும் குடும்பங்களுடன் வசித்தனர். இனி அயலாருடன் உறவாட வேண்டும். அவர்களுக்குச் சமமாக உடுக்கவும் வேண்டும். விருந்து கொடுக்கவும் வேண்டும்.

விருந்தென்றால் சாதாரண விருந்தல்ல. 1658இல் பீப்ஸின் சலப்பையிலிருந்து ஒரு பெருங்கல்லை வைத்தியர் அறுத்தெடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். பிழைத்ததே பெரும் புண்ணியம். அந்நாளை ஆண்டுதோறும் சுற்றத்தாருடன் கொண்டாடுவது அவர் வழக்கமாயிற்று. 1663 ஏப்ரலில் அந்த விருந்துக்குப் பரிமாறப்பட்டவற்றைப் பாருங்கள்: முயலும் கோழியும் சேர்ந்த குழம்பு, அவித்த ஆட்டுத்தொடை, மூன்று கெண்டை மீன்கள், ஆட்டுக்குட்டியின் ஒரு பக்கம், வறுத்த புறாக்கள், நான்கு சிங்கி இறால்கள், பணியார வகைகள். இத்தனையும் ஒரேயொரு வேலைக்காரியின் கைப்பட ஆயத்தமாயின என்று பெருமையுடன் எழுதிக்கொள்கிறார் வீட்டுக்காரர்.

சுற்றத்தார் என்று வரும்போது அவரது பெருமை வேறுவிதமாகவும் வெளிப்படுகின்றது. 1661 ஜனவரியில் தங்கை போலினாவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். தங்கையாக அல்ல, வேலைக்காரியாக! மேசையில் தம்முடன் அமர்ந்து உண்ணவும் அவளை விடவில்லை. சில மாதங்களில் அவள் பெற்றோரிடம் அனுப்பப்பட்டாள். பிற்காலத்தில், 1668இல், அதே தங்கையின் கல்யாணத்துக்கு 600 பவுண் சீதனம் கொடுத்தவரும் அவரேதான். எலிசபெத்தின் தம்பி பல்தசாரும் அடிக்கடி உதவி கேட்டு வந்து நிற்பான். முணுமுணுத்துக்கொண்டே அவனுக்கும் கடற்படையில் ஓர் உத்தியோகம் தேடிக்கொடுத்தார் பீப்ஸ். கடிந்துகொண்டே கொடுக்கும் தமையன்மாரும் மைத்துனன்மாரும் நமக்குப் புதியவர்களா என்ன?

இவையெல்லாம் வீட்டின் வெளிமுற்றம். உள்ளறையில் எலிசபெத் என்ன செய்துகொண்டிருந்தாள்?

பீப்ஸின் பொழுது கந்தோரிலும் நாடகசாலையிலும் சிநேகிதர்களுடன் மதுச்சாலையிலும் கழிந்தது. எலிசபெத்துக்குப் பிள்ளைகள் இல்லை. பெரிய வீட்டில் வேலையாட்களை விரட்டுவதைத் தவிர வேறு பேச்சுத்துணையும் இல்லை. தனக்கு ஒரு தோழி வேண்டும் என்று அவள் கேட்டாள். செலவைக் கணக்கிட்டுக் கணவர் தயங்கினார். 1662 நவம்பரில் தன் குறையை ஒரு கடிதமாக எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாசிக்காமலே எரித்துவிட்டார். ஆனால் அவள் ஒரு பிரதியை வைத்திருந்தாள்.

1663 ஜனவரி 9ஆம் திகதி காலை. படுக்கையிலே பேச்சு வளர்ந்து மீண்டும் அவ்விடயத்தில் வந்து நின்றது. எலிசபெத் அந்தப் பிரதியை எடுத்து வாசித்துக் காட்டினாள். தன் வாழ்க்கை எவ்வளவு தனிமையானது, எவ்வளவு இன்பமற்றது என்பதே அதன் பொருள். அதிற் பெரும்பகுதி உண்மையே என்று பீப்ஸ் அன்றைய குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் அவரது கோபம் எதற்கு? அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. யார் கையிலாவது அகப்பட்டால் வாசித்துவிடுவார்கள்! கிழித்துவிடு என்று கேட்டார், பின்னர் கட்டளையிட்டார். அவள் மறுத்தாள். பறித்துக் கிழித்தார். அவள் சேர்த்துவைத்திருந்த ஏனைய கடதாசிக் கட்டையும் பறித்து, அவள் அழுது மன்றாட, அவள் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கிழித்தெறிந்தார். அவற்றுள் முன்னர் அவர் அவளுக்கு எழுதிய காதற் கடிதங்கள் இருந்தன. உள்ளதெல்லாம் அவளுக்கே என்று அவர் எழுதிவைத்த மரணசாதனமும் இருந்தது. எஞ்சியவை மூன்றே மூன்று: மாமனாரோ மாமியாரோ கொடுத்தவையல்ல, பெரிய தகப்பனார் றொபேர்ட்டின் கடனுறுதிப் பத்திரம், கல்யாண அனுமதிப் பத்திரம், அவர் அவளுக்கு எழுதிய முதற்கடிதம்.

கிழித்த பின்பு மனம் அமைதியடைந்ததா? இல்லை. துண்டுகளைப் பொறுக்கித் தமது அறைக்குக் கொண்டுபோய், எரிப்பதா விடுவதா என்று தம்முடன் தாமே நெடுநேரம் வாதிட்டார். அவள் வாசித்த கடிதத்தின் துண்டுகளையும் மரணசாதனத் துண்டுகளையும் மாத்திரம் வேறாக எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்தார். பின் கலங்கிய மனத்தோடு கந்தோருக்குப் போனார்.

நேயர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். பிறர் வாசித்துவிடுவார்களே என்று பயந்து மனைவியின் கடிதத்தைக் கிழித்த மனிதர், அன்றிரவு அச்சம்பவம் முழுவதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். எப்படி முடிந்தது? அவரது நாட்குறிப்பு ஷெல்டன் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதப்பட்டது. அவருக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு மறைவெழுத்து இருந்தது. எலிசபெத்துக்கு இருந்தது எல்லோருக்கும் விளங்கும் சாதாரண எழுத்து. உண்மையை எழுதியது அவள் குற்றமன்று. அதை விளங்கும்படி எழுதியதே குற்றமாயிற்று.

கிழிக்கப்பட்ட கடிதம் வீண்போகவுமில்லை. இரண்டு மாதத்தில் மேரி அஷ்வெல் என்ற பெண் தோழியாக வந்தாள். பின்னர் நடன ஆசிரியரும் வந்தார். வந்ததும் புதிய வில்லங்கம்! ஆசிரியரும் மனைவியும் மேல்மாடியில் ஆடுகிறார்களா, வெறுமனே நடக்கிறார்களா என்று கீழே நின்று காலடிச் சத்தத்துக்குச் செவிகொடுக்கும் நிலைக்குப் பொறாமை கணவரைக் கொண்டுபோயிற்று. அவ்வருட ஒக்டோபர் மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, உடுப்பு வகைக்குத் தமக்கென 55 பவுணும் மனைவிக்கென 12 பவுணும் செலவாகியிருப்பதைக் கண்டார். கணக்குப் பிழைக்கவில்லை, அதை மறைக்கவுமில்லை.

நல்ல பொழுதுகளும் இருந்தன. 1663 கடைசியில் பீப்ஸ் மனைவிக்குக் கணிதம் கற்பித்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் அவள் தேறிவிட்டாள். வகுத்தலால் இப்போது அவளை வருத்த வேண்டாம், பூகோள உருண்டையைக் கற்பிப்போம் என்று தீர்மானித்தார். கோடை இரவுகளில் தோட்டத்திலிருந்து எல்லோரும் பாடினார்கள். ஆனால் அங்கும் ஒரு முள். 1666 ஜூலையில், வீட்டுத் தோழியான மேர்சருக்குப் பாட்டுக் கற்பிக்கச் செலவிடும் நேரத்தைத் தனக்குச் செலவிடவில்லையே என்று எலிசபெத் மனம் நொந்தாள். அது உண்மைதான் என்று எழுதுகிறார் பீப்ஸ். 1664 டிசம்பரில் கோபத்தில் அவளது இடது கண்ணில் அடித்துவிட்டதையும் எழுதுகிறார். அந்தக் கண் கறுத்ததையும் வீட்டிலுள்ளோர் அதைக் கவனித்ததையும் விடவில்லை.

1666 செப்டெம்பர் 2ஆம் திகதி, ஞாயிறு அதிகாலை மூன்று மணியளவில் ஜேன் வந்து எழுப்பினாள்: நகரத்திலே தீ! அன்று மதியம் வீட்டில் விருந்து. அதற்காகத்தான் வேலைக்காரப் பெண்கள் விழித்திருந்தார்கள். லண்டன் எரிந்துகொண்டிருக்க, விருந்தினர் வந்து உண்டுவிட்டே போனார்கள். நான்காம் திகதி அயலவரான பென்னும் பீப்ஸும் தோட்டத்தில் குழிதோண்டி வைனையும் பீப்ஸின் இத்தாலியப் பாற்கட்டியையும் புதைத்தார்கள். ஐந்தாம் திகதி பொன்னுடன் எலிசபெத்தை ஆற்றுவழியாக வூலிச்சுக்குக் கொண்டுபோய் விட்டார். பத்திரமான இடத்துக்கு அனுப்பப்பட்ட பொருட்களுடன் நாட்குறிப்பும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் நாட்டவருக்குச் சுவையான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1667 ஜூன் மாதம் ஒருநாள் பீப்ஸ் வீடு திரும்பியபோது எலிசபெத் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தாள். தடிமனுக்கு நல்லதென்று மருந்து விற்பவர் சொன்னாராம்! தேயிலை அன்று சீனத்திலிருந்து வந்த மருந்துச் சரக்கு.

1668 ஒக்டோபரில் அந்த இல்வாழ்க்கைக்கு வந்த சோதனை பெரிது. எலிசபெத்தின் தோழியாக வந்த டெப் வில்லற் என்னும் இளம்பெண்ணைக் கணவர் அணைத்திருக்கும் கோலத்தில் எலிசபெத் கண்டுவிட்டாள். இரவிரவாக அழுதாள், ஏசினாள். மூன்று மாதத்தின் பின்னர் ஒருநாள் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய குறட்டுடன் கட்டிலருகே வந்து நின்றாள். இம்முறை கிழிப்பதற்குக் கடிதம் இல்லை. அவளது பேச்சைத் தடுக்கவும் அவரால் முடியவில்லை. டெப் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள்.

கண்பார்வை மங்குகிறதென்று அஞ்சி 1669 மே 31ஆம் திகதியுடன் பீப்ஸ் நாட்குறிப்பை நிறுத்தினார். பின்பு இருவரும் ஒல்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் பயணம் போனார்கள். திரும்பிய கையோடு எலிசபெத் காய்ச்சலில் விழுந்து நவம்பர் 10ஆம் திகதி இறந்தாள். வயது 29. அவள் இறந்த நாளைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லை. நாட்குறிப்பே அப்போது இல்லை. சென் ஓலேவ்ஸ் தேவாலயத்தின் சுவரில் அவளது மார்பளவுச் சிலையை, கடற்படைச் சபையார் அமரும் மாடத்தைப் பார்த்திருக்கும்படி வைத்தார் கணவர். பின்னர் 33 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் மறுமணம் செய்யவில்லை. 1703இல் இறந்தபோது அதே தேவாலயத்தில் அவளருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவரது நூலகம் முதலில் போனது யாரிடம் தெரியுமா? மேசையில் அமரவிடாத தங்கை போலினாவின் மகனிடம். 1724இல் அது கேம்பிரிட்ஜ் மோட்லின் கல்லூரியைச் சேர்ந்தது. அங்கே நூறாண்டு உறங்கிய நாட்குறிப்பை ஜோன் ஸ்மித் என்பவர் 1819 முதல் 1822 வரை பாடுபட்டு வாசித்தெடுத்தார். 1825இல் அதன் ஒரு பகுதி அச்சேறியது.

கணவர் எழுதிய பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இன்று நம்மிடம் உள்ளன. எலிசபெத்தின் அந்தக் கடிதம் இல்லை. அவள் சொன்னது உண்மை என்பதற்குக்கூட, அதைக் கிழித்தவரின் சாட்சியமே நமக்கு உண்டு. அந்தச் சாட்சியத்தைத் தமக்கு எதிராகவே எழுதிவைத்த நேர்மைக்காகப் பீப்ஸை மதிக்கலாம். ஆனால் மன்னிக்கும் உரிமை அவளுடையது.

நம் வீட்டுப் பெட்டகங்களிலும் காணி உறுதிகளும் கணக்குக் கொப்பிகளும் பக்குவமாக இருக்கின்றன. அவற்றினிடையே அம்மாவோ அம்மம்மாவோ எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டால், நேயர்களே, அதையும் உறுதியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.