முகவரி கேட்கும் கணினியும் இடைநின்ற தூதுவனும்

எங்கள் பள்ளியின் புதுக் கட்டடத்தில் கணினி அறை திறந்த அன்று, கணினிகள் யாவும் 169.254 எனத் தொடங்கும் எண்களைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு நின்றன. முகவரி வழங்குவார் கிடைக்காதபோது கணினி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இரண்டு நாள் கம்பிகளை மாற்றிப் பார்த்தோம். பழுது கம்பியில் இல்லை. பழைய கட்டடத்தின் வலைக்கும் புதியதன் வலைக்கும் இடையிலுள்ள ஸ்விட்சில் தூதுவனை நியமிக்க மறந்திருந்தனர். ஒரு வரி எழுதியதும் குறை தீர்ந்தது. இத்தூதுவன் தோன்றிய வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

புதிதாக இணையும் கணினிக்கு முகவரியில்லை. சர்வர் எங்குள்ளது என்பதும் தெரியாது. ஆகவே தன் கம்பியிலுள்ள அனைவரும் கேட்குமாறு அது கூவுகிறது. அக்கூவல் சப்நெட் எனப்படும் தன் கிளைவலையைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. எல்லாருடைய கூச்சலும் எல்லாக் கிளைக்கும் போனால் எங்கும் வேலை நடவாது.

1984 ஜூன் மாதம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நால்வர் ‘ரார்ப்’ என்னும் முறையை வெளியிட்டனர். வட்டில்லாக் கணினி தன் வன்பொருள் எண்ணைச் சொல்லி முகவரி பெறலாம். ஆயின் அவ்விண்ணப்பம் ஐ.பி. உறையின்றிச் சென்றமையால் ரௌட்டர் அதை அப்பால் கொண்டுசெல்ல இயலவில்லை. கம்பிக்கொரு சர்வர் வைக்க வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்டான்போர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் ‘பூட்பி’ முறையைத் தந்தனர். விண்ணப்பம் இப்பொழுது யூ.டி.பி. உறைக்குள் புகுந்தது. அதினும் பெரிய காரியம், தாளில் அவர்கள் ஒதுக்கிய நான்கு பைட் இடம். ‘ஜி.ஐ. அட்ரஸ்’ என்பது அதன் பெயர். கேட்பவன் அதைப் பூச்சியமாக விடுவான். கூவலைக் கேட்ட தூதுவன், அக்கிளையிலுள்ள தன் முகவரியை அங்கே எழுதித் தாளை நேரே சர்வருக்கு அனுப்புவான். விடை அவன் பெயருக்கே திரும்பும். அவன் கேட்டவனிடம் சேர்ப்பான். யார் கேட்டார், எங்கிருந்து கேட்டார் என்பதெல்லாம் தாளிலேயே இருப்பதால், தூதுவன் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டுவதில்லை. இம்முறையின் உயிர்நாடி இதுவே என்பேன்.

பெயர்தான் சரியாக அமையவில்லை. ‘ஜி’ என்பது கேட்வேயைக் குறித்ததால், கணினி வெளியுலகுக்குச் செல்லும் வாயிலின் முகவரி இது என்று மயங்க இடமிருந்தது. 1993 அக்டோபரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் வால்ட் வைமர் எழுதிய விளக்கம், ‘ரிலே ஏஜெண்ட்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. முதல் தூதுவன் எழுதியதை அடுத்தவன் மாற்றலாகாது, 16 தாண்டலுக்கு மேற்பட்ட தாளை எறிந்துவிட வேண்டும் என்றும் விதித்தது.

அதே மாதம் பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ், முகவரியைக் குத்தகைக்கு விடும் டி.எச்.சி.பி. முறையை வெளியிட்டார். பழைய தாளின் அமைப்பையும் 67, 68 என்ற வாயில் எண்களையும் அவர் மாற்றவில்லை. மாற்றியிருந்தால், அதற்குள் ஊர்ந்து பரவிவிட்ட தூதுவர்களையெல்லாம் மாற்ற நேர்ந்திருக்கும்! தூதுவன் எழுதிய முகவரியைக் கொண்டே எந்தக் கிளைக்குரிய எண்ணை வழங்குவது என்று சர்வர் இன்றும் தீர்மானிக்கிறது.

2001 ஜனவரியில் வந்த 82-ஆம் விருப்பக்குறிப்பினால், விண்ணப்பம் ஸ்விட்சின் எந்தத் துளை வழியே வந்தது என்பதையும் தூதுவன் சேர்த்தெழுதலாம். சர்வர் அக்குறிப்பைத் திருப்பி அனுப்பும். தூதுவன் அதைக் கிள்ளியெடுத்துவிட்டு, எஞ்சியதைக் கேட்டவனிடம் கொடுக்கிறான்.