கழுத்தை நோகடித்த வட்டம்

சின்ன வயதில் வாளியில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேலே வேகமாகச் சுழற்றி விளையாடியிருப்போம். வாளி கவிழ்ந்திருக்கும்போதும் சொட்டு சிந்தாது. அந்தத் தண்ணீரின் இடத்தில் மனிதர்களை உட்கார வைத்துப் பார்த்த கதை இது.

1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் சீ லயன் பார்க் திறக்கப்பட்டது. அங்கே 'ஃபிளிப் ஃபிளாப்' என்று ஒரு ரோலர் கோஸ்டர். உயரத்திலிருந்து பாய்ந்து வரும் சிறு வண்டி, சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் ஏறி, தலைகீழாகி, இறங்கி வரும். ஏறிய பலருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

காரணம் எளிது. ஓடும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். தண்டவாளம் அதை வளைக்கும். அப்போது இருக்கை நம்மை அழுத்துவதைத்தான் எடை கூடியதாக உணர்கிறோம். வேகம் இரட்டித்தால் வளைப்பதற்கான விசை நான்கு மடங்காகும். வளைவு இறுகினாலும் கூடும். வட்டத்தின் உச்சியில் வேகம் குறைவு, அடியில் அதிகம். உச்சியை மட்டுமட்டாகத் தாண்டும் வேகத்தில் போனால்கூட, அடியில் 6 மடங்கு எடை. 60 கிலோ ஆள் 360 கிலோ ஆகிவிடுவார்! வட்டத்தைப் பெரிதாகக் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கோளாறு அளவில் இல்லை, வடிவத்தில்.

1901-ல் அதே கோனி ஐலண்டில் எட்வின் பிரெஸ்காட் 'லூப் தி லூப்' அமைத்தார். வட்டத்தை நீள்வட்டமாக்கியதில் வலி குறைந்தது. ஆனால் ஒரு தடவைக்குச் சிலரே ஏற முடியும், வருமானம் கட்டவில்லை. ஏறியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம்.

1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 'ரெவல்யூஷன்' வந்தது. கட்டியவர் ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ஸ்காஃப். கணக்குப் போட்டவர் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். வேகம் அதிகமுள்ள அடியில் அகலமான வளைவு, வேகம் குறையும் உச்சியில் இறுக்கமான வளைவு. பார்க்கத் தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி இருக்கும். எடை ஒரேயடியாக ஏறாமல் படிப்படியாக ஏறியது, கழுத்தும் தப்பியது.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நேர்ப்பாதையை வளைவோடு சேர்க்கும் இடத்தில், வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோமே, 'டிரான்சிஷன் கர்வ்', அதே தத்துவம்தான்! 19-ஆம் நூற்றாண்டிலேயே ரயில்வேக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஸ்டெங்கல் அதைத் தரையிலிருந்து எழுப்பிச் செங்குத்தாக நிறுத்தினார்.

பேரன் கூப்பிட்டானே, ஏறினாயா என்று கேட்காதீர்கள். கீழே நின்று பைகளைப் பார்த்துக்கொண்டேன்.