சிவகாசியின் ‘பிஞ்சு விரல்’ வாதம்

தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததற்கு இரண்டு காரணங்கள் காலங்காலமாகச் சொல்லப்பட்டன. குச்சி அடுக்கும் வேலைக்குப் பிஞ்சு விரல்கள்தான் தோதுப்படும் என்பது ஒன்று. வறுமை தீரும்வரை ஏழை வீட்டுப் பிள்ளைகள் உழைத்துத்தான் ஆகவேண்டும் என்பது மற்றொன்று. சோதித்துப் பார்க்கப்படாத இந்த இரண்டும் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கண்கண்ட உண்மைகளைப் போல உலவின. சட்டம் இயற்றியவர்களின் தீர்மானங்களிலும், ஒரு கட்டத்தில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவிலும்கூட இவை இடம்பிடித்தன.

வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. வெள்ளாமை இல்லாவிட்டால் வேலையும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சி காய்வதற்கு ஏற்ற வறண்ட காற்றும், குறைந்த கூலிக்கு வரும் ஆட்களும் இங்கே இருந்தன. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, உலகப் போரால் இறக்குமதியும் நின்றபின் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிச் சீட்டு அச்சடிப்பதில் தொடங்கி அச்சுத் தொழிலும் வளர்ந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயர் இந்த உழைப்பால் சிவகாசிக்குக் கிடைத்தது.

கையால் செய்யும் தீப்பெட்டியில் நேரம் பிடிக்கும் வேலை கட்டை அடுக்குவது. பள்ளமிட்ட மெல்லிய சக்கைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, சக்கைமேல் சக்கையாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்க வேண்டும். அதன்பிறகே குச்சி முனைகளை மெழுகிலும் மருந்திலும் தோய்க்க முடியும். பெட்டி ஒட்டுவதும் குச்சி அடைப்பதும் இதே போன்ற வேலைகள்தாம். கூலி நாளுக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளை ஏற்றிவரும். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். 1980களில் இவர்களின் எண்ணிக்கை 45,000 என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்பட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1938ஆம் ஆண்டுக் குழந்தைகள் வேலையமர்த்தல் சட்டமே தீப்பெட்டி, பட்டாசுப் பட்டறைகளில் 12 வயதுக்கு உட்பட்டோரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் மட்டும் சேர்ந்து செய்யும் பட்டறைக்கு அது பொருந்தாது. கைத்தயாரிப்புத் தீப்பெட்டிக்கு மைய அரசு தந்த உற்பத்தி வரிச் சலுகையும், தொழில் சிறு கூடங்களாகச் சிதறியே இருப்பதற்குத் தோதாக அமைந்தது. குழந்தை உழைப்பை ஆராய 1979இல் அமைக்கப்பட்ட குருபாதசாமி குழு, வறுமை இருக்கும்வரை குழந்தை உழைப்பை முற்றாக ஒழிப்பது அரிது என்று கருதியது. ஆபத்தான தொழில்களில் தடை, மற்றவற்றில் ஒழுங்குமுறை என்பது அதன் பரிந்துரை. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியிலேயே சென்றது. குடும்பத் தொழிலுக்கான விலக்கும் அதில் தொடர்ந்தது.

சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, நல்லெண்ணத்தைக்கூட முன்முடிவு எப்படி வளைத்துவிடும் என்பதற்குச் சான்று. உற்பத்தி வேலையில் குழந்தைகள் கூடாது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 50,000 ரூபாய்க் காப்பீடும் வேண்டும் என்றது. அதேசமயம், தரம் பிரித்து அடைக்கும் வேலைக்கு இளங்கைகள் கூடுதல் பொருத்தம் என்று கருதி அதை மட்டும் அனுமதித்தது. அந்தத் தனித்திறனைக் கணக்கில் கொண்டு, பெரியவருக்குரிய குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது தரவேண்டும் என்றும் விதித்தது. திறமை கூடுதல் என்றால் கூலி ஏன் குறைவு என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

விரல் வாதத்தைச் சோதிப்பது கடினமும் அல்ல. கம்பளத் தொழிலிலும் இதே வாதம் உண்டு. 1990களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆதரவில் இந்தியக் கம்பள நெசவை ஆராய்ந்தவர்கள், நுண்ணிய முடிச்சுகளுக்குக் குழந்தை விரல்தான் வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். சிவகாசியிலும் அதே கட்டையைப் பெரிய பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். குழந்தையின் தகுதி விரலில் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு மறுபேச்சுப் பேசாததில் இருந்தது.

வறுமை வாதத்தை அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளிவந்த தம் நூலில் எதிர்கொண்டார். அரசு அலுவலர்கள் தொடங்கிக் கல்வியாளர்கள்வரை பலரிடம் பேசிய அவர், ஏழைப் பிள்ளை படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற மேல்தட்டு நம்பிக்கையே கட்டாயக் கல்விக்குத் தடையாக நிற்கிறது என்று வாதிட்டார். நாடுகள் பல, ஏழையாக இருந்தபோதே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றன. ஜப்பான் தன் கல்வி ஆணையை 1872இலேயே பிறப்பித்தது; குட்டி ஜப்பான் அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தொலைவில் தேடவும் வேண்டியதில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர், வறுமை ஒழியட்டும் என்று காத்திராமல், 1956இல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தார்.

மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த இறுதித் தீர்ப்பு கணக்கை மாற்றிப் போட்டது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அரசு, அந்தப் பிள்ளையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பின்னர் கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே பகுதி எந்திர, முழு எந்திர ஆலைகளும் பெருகின. தீப்பெட்டித் தொழில் அழிந்துவிடவில்லை. இன்று குச்சி அடுக்குவது பெரும்பாலும் எந்திரம். எஞ்சிய கைவேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் வயதுவந்த பெண்கள்.