வீட்டு மீன்தொட்டியின் மின்செலவு: ஒரு வரலாறு

வீட்டில் வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படாத செலவு மின்சாரம். தொட்டி, கல், மீன், தீவனம் ஆகியவற்றின் விலை கடையிலேயே தெரிந்துவிடும். காற்று பம்பும் ஃபில்டரும் விளக்கும் எடுத்துக்கொள்ளும் மின்சாரமோ, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் கணக்கோடு கலந்து ஒரே தொகையாக வருகிறது. இச்செலவு எப்படித் தோன்றியது, எந்த வேலைக்கான கூலியாக அது செலுத்தப்படுகிறது, வெப்பமான கடற்கரை ஊர் ஒன்றில் அதன் அளவு என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டாக இங்கே கொள்ளப்படும் ஊர் ஏர்வாடி. இது இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு அருகில், மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது. தர்காவால் பெயர் பெற்றது. திருநெல்வேலி மாவட்டத்தில் இதே பெயரில் வேறோர் ஊரும் உண்டு. மீன்களைக் காட்சிக்காக வளர்க்கும் கலையின் இந்திய வரலாற்றில் மன்னார் வளைகுடாக் கரைக்குத் தனி இடம் இருக்கிறது.

மின்சாரம் இல்லாத மீன்தொட்டி

கண்ணாடித் தொட்டி மின்சாரத்துக்கு முந்தையது. சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பெண் அறிவியலாளர் 1832ஆம் ஆண்டளவில் கடல் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்துகொண்டார். 1846இல் ஆனா தைன் என்பவர் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். தேங்கிய நீரில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். ஆகவே அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலுக்கு முன் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றினார். இன்று 5 வாட் பம்பு செய்யும் வேலையை அன்று ஒருவரின் கைகள் செய்தன.

இந்த உழைப்பைக் குறைக்கும் வழியை வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வெளியிட்டார். நீர்த்தாவரம், மீன், நத்தை ஆகிய மூன்றையும் தக்க அளவில் ஒரே தொட்டியில் வைத்தால், தாவரம் தரும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும். மீனின் கழிவு தாவரத்துக்கு உரமாகும். அழுகும் இலைகளை நத்தை தின்னும். பிலிப் ஹென்றி காஸ் இம்முறையைப் பரப்பினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. வீடுகளிலும் மீன்தொட்டி மோகம் பரவியது. வெயிலும் இலையும் போதும் என்றிருந்த அந்தத் தொட்டிகளில் மீன்கள் மிகக் குறைவாகவே இருந்தன. மீன்களின் எண்ணிக்கை கூடினால் தாவரம் ஈடுகொடுக்காது.

கூடுதல் மீன்களைக் காட்ட விரும்பிய பெரிய காட்சியகங்கள் இயந்திரத்தை நாடின. 1871இல் லண்டனில் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில் கடல்நீரை நிலத்தடித் தேக்கத்திலிருந்து தொட்டிகளுக்குச் சுற்றிவர நீராவியால் இயங்கும் பம்புகள் பயன்பட்டன. மீன் வளர்ப்பில் எரிபொருள் ஒரு நிலையான செலவாக மாறியது இக்காலத்தில்தான்.

மதராசும் மன்னார் வளைகுடாவும்

மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, கடல் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முயற்சியில் 1909 அக்டோபரில் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் இதுவே. 1919இல் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறியது.

விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது; பின்னர் அதன் தலைமையிடம் மண்டபத்தில் அமைந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறினாலும் மண்டபத்தில் அதன் மையம் தொடர்ந்து இயங்குகிறது. கோமாளி மீன் போன்ற கடல் அலங்கார மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல், தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளிலும் இந்நிலையம் ஆய்வு நடத்தியுள்ளது.

மின்சாரம் வீட்டுக்கு வந்த பின்

மதராஸ் நகரில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. மற்ற ஊர்களுக்கு மின்சாரம் வர நீண்ட காலம் ஆயிற்று. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், தம் சிறுவயதில் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்ததை எழுதியுள்ளார். 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தது. அதன் பின்னரே சிற்றூர்களுக்கு மின் இணைப்பு வேகமாகப் பரவியது.

இணைப்பு வந்த பிறகுதான் மீன்தொட்டியில் மின் பம்பு பொருத்த முடிந்தது. இன்று சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்கும் வளர்ப்புக்கும் பெயர் பெற்ற பகுதி. சிறிய கடைகளிலும் கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் ஆகியவற்றோடு காற்று பம்பும் சேர்ந்தே விற்கப்படுகிறது.

தொட்டிக்குள் மின்சாரம் செய்யும் வேலை

காற்று பம்பின் உள்ளே ஒரு மின்காந்தச் சுருளும், காந்தம் பொருத்திய சிறு கையும், ரப்பர் சவ்வும் இருக்கின்றன. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதற்கேற்பக் கை அதிர, சவ்வு காற்றை உறிஞ்சிக் குழாய் வழியே தள்ளுகிறது. குமிழிகள் மேலே ஏறும்போது நீரும் உடன் எழுந்து புரள்கிறது. ஆக்சிஜன் பெரும்பாலும் இந்தப் புரளும் நீர்மட்டத்தின் வழியாகவே கரைகிறது. சவ்வு பழுதடைந்தால் காற்று குறையும், மின்செலவோ குறையாது.

ஃபில்டரின் முதன்மை வேலை நீரைத் தெளிவாக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஓடும் நீர் நின்றால் அவை சில மணி நேரத்தில் மடியத் தொடங்கும். எனவே பம்பை இரவில் நிறுத்திச் சேமிப்பது ஆபத்தானது. விளக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஒரு நாளில் 8 மணி நேரம் எரிந்தால் போதும்; அதற்கு மேல் எரிந்தால் பாசி பெருகும்.

வெப்பமூட்டும் கருவி குளிர்நாடுகளில் பெருஞ்செலவு. 100 வாட் கருவி பாதி நேரம் இயங்கினாலும் இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகும். ஏர்வாடியில் அதற்குத் தேவையில்லை. இங்கே சிக்கல் நேர்மாறானது. நன்னீரில் 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. வெப்பம் ஏற ஏற மீனின் ஆக்சிஜன் தேவையும் கூடும். கோடையில் நீரின் இருப்பு குறையும்போது மீனின் தேவை உயர்வதால், காற்று பம்பு இங்கு மிகவும் தேவைப்படுகிறது.

கணக்கிடும் முறை

வாட் அளவை இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் 60 நாள், அதாவது 1440 மணி நேரம் எனக் கொள்வோம். இரண்டடித் தொட்டி ஒன்றில் 5 வாட் காற்று பம்பு 7.2 யூனிட், 10 வாட் ஃபில்டர் 14.4 யூனிட், 8 மணி நேரம் எரியும் 10 வாட் எல்இடி விளக்கு 4.8 யூனிட், ஆக மொத்தம் 26.4 யூனிட். நாளுக்கு 10 மணி நேரம் சுழலும் 75 வாட் மின்விசிறிக்கு 45 யூனிட் ஆகும். பழைய 40 வாட் டியூப்லைட்டைச் சோக்கோடு பயன்படுத்தினால் விளக்குக்கு மட்டுமே 24 யூனிட் வரை போய்விடும்.

ரூபாய்க் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். 2016 மே மாதத்தில் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டினால் 2.25 ரூபாய்ச் சலுகை நீங்கி 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாயாகிறது, 501 முதல் 600 வரை 8 ரூபாய். பின்னர் கட்டணம் மேலும் உயர்ந்துள்ளது. படிநிலை முறை அப்படியே தொடர்கிறது.

மீன்தொட்டி புதிதாக வந்து சேரும் பொருள் என்பதால், அதன் யூனிட்டுகள் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டின் மேல் ஏறுகின்றன. 70 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் மேற்சொன்ன தொட்டிக்குக் கூடுதல் கட்டணம் ஏதுமில்லை. 2022 கட்டணப்படி, 300 யூனிட் வீட்டில் அது சுமார் 119 ரூபாய். அதே கட்டணப்படி, 490 யூனிட் வீட்டில் 10 யூனிட்டுக்கு 60 ரூபாய், 500ஐத் தாண்டிய 16.4 யூனிட்டுக்கு 131 ரூபாய், இழந்த சலுகை 225 ரூபாய் என மொத்தம் சுமார் 416 ரூபாய் ஆகிறது. தொட்டி ஒன்றே, மின்சாரமும் ஒன்றே. வீட்டின் படிநிலைதான் செலவை முடிவு செய்கிறது.

மின்வெட்டு

பணத்தைவிட மீன் வளர்ப்போரை அச்சுறுத்துவது மின்தடை. 2012ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. பின்னர் உற்பத்தி பெருகியது. 2016 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டக் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. ஆயினும் புயல், பழுது, பராமரிப்பு ஆகிய காரணங்களால் மின்தடை நேர்வதுண்டு.

இரவு மின்தடைதான் மிகக் கொடியது. ஒளி இல்லாதபோது தாவரங்கள் ஆக்சிஜனைத் தருவதில்லை. அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. எனவே விடியற்காலையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதன் அறிகுறி. அப்போது செய்யத்தக்கது, குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பது. 1846இல் பணிப்பெண் செய்ததும் இதுதான். தீவனம் போடக்கூடாது. மற்றொரு முன்னெச்சரிக்கையும் உண்டு: பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் தொட்டி நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கும். பம்பை மேலே வைப்பதோ, குழாயில் ஒருவழி வால்வு பொருத்துவதோ இதைத் தடுக்கும்.

கடல்நீர்த் தொட்டியும் சட்டமும்

கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கடல்மீனையும் பவளத்தையும் வீட்டில் வளர்க்கும் ஆசை எழுவது இயல்பு. மின்செலவில் உச்சம் இத்தொட்டிதான். கடல் அலையின் வேலையை அலை பம்பும், சூரியனின் வேலையை வலிய விளக்கும், ஆழ்நீரின் வேலையைக் குளிரூட்டியும் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து சராசரியாக 200 வாட் ஓடினால் இரண்டு மாதத்தில் 288 யூனிட் ஆகும்.

அதைவிடப் பெரிய தடை சட்டம். ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் எதிரே கடலில் உள்ள தீவுகள் 1986இல் அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பூங்காவில் 21 தீவுகள் அடங்கும். 2001 முதல் பவளப்பாறை உயிரிகளும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுகின்றன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். 2010லும் 2016லும் கடல்நீர் வெப்பமடைந்து இப்பகுதிப் பவளங்கள் வெளிறின. கடலிலேயே தாங்க முடியாத வெப்பத்தில் வீட்டுத் தொட்டியில் பவளம் பிழைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

செலவைக் குறைக்கும் வழி

காற்று பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் காற்றோட்டம், வடிகட்டல் ஆகிய இரண்டையும் ஒரே 5 வாட்டில் செய்யும். அதனோடு எல்இடி விளக்கு மட்டும் இருந்தால், மேற்சொன்ன தொட்டியின் செலவு 26.4 யூனிட்டிலிருந்து 12 யூனிட்டாகக் குறையும். இதற்கு மீன்கள் குறைவாக இருக்க வேண்டும். தாவரங்கள் நிறைய இருக்க வேண்டும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் சேமிப்பு உண்டு. கௌராமி, ஃபைட்டர், பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குத் தலையில் காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பு உள்ளது. தரங்கம்பாடியில் டேனியப் படை அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், பனையேறிக் கெண்டை மரத்தில் ஏறியதைக் கண்டதாக 1797இல் வெளியான கட்டுரையில் எழுதினார். நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் இவை தாங்கும். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நீர் கிடைக்கும் கடற்கரை ஊர்களுக்கு, அத்தகைய நீரைத் தாங்கும் மோலி ஏற்றது. தங்கமீனோ குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரை விரும்புவது. வெப்பமான ஊரில் அதற்குக் காற்று பம்பு இல்லாமல் முடியாது.

பணிப்பெண்ணின் கை, நீராவி இயந்திரம், மின் பம்பு எனக் கருவி மாறியபோதும், அடைபட்ட நீருக்கு யாரோ ஒருவர் காற்று ஊட்டியாக வேண்டும் என்ற நிலை மாறவில்லை. மீன்தொட்டி வாங்கும்முன் விலையோடு சேர்த்துக் கேட்டறிய வேண்டியவை மூன்று: எத்தனை வாட், எத்தனை மணி நேரம், மின்சாரம் நின்றால் இந்த மீன் எவ்வளவு நேரம் தாங்கும்.