கப்பலேறியவருக்கு ஒரு நம்பர் இருக்கு, ஊரில் இருந்தவருக்கு?

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கேள்வி. உங்க தாத்தாவோட அப்பா பேர் தெரியுமா? சரி, தாத்தாவோட அம்மா பேர்?

எனக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரிஞ்சது. இரண்டாவதை அப்பாகிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியல. அத்தைப்பாட்டிகிட்ட கேட்டேன். "எல்லாரும் ஆயான்னுதான்டா கூப்பிடுவோம். பேரை யாரு கேட்டா?"ன்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டாங்க.

இதில் நம்ம இனிஷியலுக்கும் ஒரு பங்கு இருக்கு. அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். தாத்தா அவ்வளவு சீக்கிரம் காணாமல் போய்விடுகிறார். பாட்டி முதலிலிருந்தே கணக்கில் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இது அப்படியே தலைகீழ். அங்கே 'மூன்சாமி' என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. நம்ம முனுசாமிதான். எப்போதோ கப்பலில் போன ஒரு முனுசாமியின் சொந்தப் பெயர், வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் எழுத்துக்கூட்டலோடு, பேரன் பேத்திகள் எல்லாருக்கும் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டது. 'கவெண்டர்' என்றால் கவுண்டர், 'மூட்லி' என்றால் முதலி.

அந்த முனுசாமிகள் அங்கே போன கதை 1860இல் தொடங்குகிறது. அப்போது நேட்டால் என்பது பிரிட்டிஷ் காலனி, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை. அந்த வருடம் நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 340க்கும் மேற்பட்டவர்களோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 1911இல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னையில் கப்பலேறியவர்கள், அதாவது தமிழர்களும் தெலுங்கர்களும். 5 வருட ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங் கூலி.

எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்னு கேட்டா, ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஒரு எண் கொடுத்தார்கள். எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம் என்று கட்டம் கட்டி எழுதினார்கள். அப்புறம் உடம்பில் உள்ள அடையாளம்: நெற்றியில் தழும்பு, இடது கையில் மச்சம், இப்படி. ஆள் தப்பி ஓடினால் அடையாளம் காண வேண்டுமே! அக்கறைப்பட்டு யாரும் எழுதவில்லை, முதலாளிக்கு ஒப்படைக்கிற சரக்குக்கு எழுதிய கணக்கு அது. ஆனா இன்னைக்கு அந்தச் சந்ததிக்குக் கிடைக்கிற முக்கியமான ஆவணமும் அதுதான். 150 வருஷம் கழிச்சு உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு முழங்கால்ல ஒரு தழும்பு இருந்துச்சுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? எனக்கு அது கொஞ்சம் சிலிர்ப்பாவும் இருக்கு, கொஞ்சம் கோபமாவும் இருக்கு.

பட்டியலை இப்போ இணையத்திலேயே தேடலாம். ஆனா தேடுறது லேசில்லை. எண் தெரிந்தால் அஞ்சு நிமிஷ வேலை. பாட்டியின் பெட்டியில் பழைய பாஸ் ஏதாவது இருந்தால் அதில் எண் இருக்கும். எண் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 'முனியம்மா' என்று தேடினால், எத்தனை முனியம்மா!

சரி, ஆள் கிடைத்துவிட்டார், ஜில்லா 'வடாற்காடு' என்று போட்டிருக்கிறது. அந்த ஜில்லாவே இன்று கிடையாது. 1911இல் அதிலிருந்து ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போனது, அது இப்போ ஆந்திராவில் இருக்கு. மிச்சமும் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. கிராமத்தின் பெயரோ, ஒரு கிராமத்து மனிதர் சொல்லி, ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் சில நேரம் பிடிபடும்.

சாதிக் கட்டத்தை இன்னும் சந்தேகத்தோடு படிக்கணும். 'மலபார்', 'ஜெண்டூ' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அன்றைய சென்னை வெள்ளைக்காரர் பேச்சில் மலபார் என்றால் தமிழர், ஜெண்டூ என்றால் தெலுங்கர். சாதியே இல்லை அது. கடல் தாண்டும்போது வேறு சாதிப் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. ஊரில் யாருடைய கண்ணிலும் படாமல் வாழ அதுதான் சந்தர்ப்பம்னு நினைச்சிருந்தா, அதில் தப்பு கண்டுபிடிக்க நான் யார்? அதனால் டர்பனில் ஒருவரின் கடைசிப் பெயரை வைத்து 'ஓ, நீங்க எங்காளா'ன்னு கேட்கிற நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

குடும்பத்தில் சொல்லிவந்த கதையும் பட்டியலும் ஒத்துப்போகாத இடங்கள் நிறைய. 'தாத்தாவும் பாட்டியும் ஜோடியா வந்தாங்க' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பட்டியலில் பாட்டி தனியாக, கைக்குழந்தையோடு, வேறொரு வருடத்துக் கப்பலில் இருப்பது தெரியவரலாம். 100 ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று விதி இருந்ததால் தனிப் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். விதவையா, வீட்டை விட்டு வந்தவரா, பஞ்சத்துக்குத் தப்பி வந்தவரா? அதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொரு ஆள் ஞாபகம் வந்துகிட்டே இருந்தார். முனுசாமி கப்பலேறினார். அவரோட தம்பி? அவர் ஊரிலேயே இருந்திருப்பார். நிலம் இருந்தால் பட்டாவிலோ செட்டில்மெண்ட் பதிவேட்டிலோ பெயர் இருக்கும். பண்ணையில் கூலி வேலை செய்தவருக்கு ஏது பட்டா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இலேயே நடந்தது, ஆனால் பிரிட்டனில் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்ததுபோல இங்கே செய்யவில்லை. கூட்டல் தொகைதான் மிஞ்சியது, பெயர்கள் போய்விட்டன. அண்ணனுக்கு ஒரு நம்பர், வயசு, தழும்பு எல்லாம் இருக்கு. தம்பிக்கு ஒண்ணும் இல்லை. அதாவது நம்மில் பலருக்கு.

அப்போ நமக்கு மிஞ்சுறது மனுஷங்க ஞாபகம்தான். போன பொங்கலுக்கு அத்தைப்பாட்டிகிட்ட மறுபடியும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பேரைக் கேட்கல. "உங்க ஆயா பொறந்த ஊரு எது?"ன்னு கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"போளூரு. போளூர்க்காரின்னுதான் ஊரே கூப்பிடும். அவங்க அண்ணன் மூணு பேரு, காதுகுத்துக்கு மாமன் சீரு கொண்டாந்தது பெரியவரு..."

போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணினேன். ஒண்ணேகால் மணி நேரம் பேசினாங்க.