தாங்கலில் ஒரு கடல்

ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் நண்பர், தம் கூடத்தில் ஆயிரம் லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க முடிவு செய்திருந்தார். மீன்கள் மட்டும் போதாது, உயிருள்ள பவளப்பாறையே அதில் வளரவேண்டும் என்பது அவர் கனவு. "நீங்கள் தமிழ் வாத்தியார். இதற்கு நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் சார்" என்றார். பெயரைத் தேடப் போன எனக்கு ஒரு வரலாறு அகப்பட்டது.

கடலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பெருகியது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கெனத் தனிக்கூடம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட நூல், அந்த ஆசையை நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. காஸ் ஆழ்ந்த இறைப்பற்றாளர்; சிற்றுயிர்களையும் வியந்து போற்றியவர். ஆனால் அவரைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். பாறையிடுக்குக் குட்டைகள் வெறுமையாயின. தம் எழுத்தே இவ்வழிவுக்குக் காரணமாயிற்று எனத் தந்தை வருந்தியதை, மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நம் சென்னைக்கும் இதில் ஓர் இடமுண்டு. 1909இல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர், அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன். இலக்கிய வாசகர்கள் அவரை வேறொரு காரணத்தால் அறிவர். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் தொகுத்த, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909இல்தான். மனிதர்களை வகைப்படுத்தும் முன்பே மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்து எழுதியவர் அவர். காட்சியகம் போர்க்காலத்தில், 1942இல் மூடப்பட்டது. அது இருந்தவரை, கடலை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமலே அதன் உள்ளே எட்டிப்பார்க்கும் வாய்ப்பு எளிய மக்களுக்கும் கிடைத்தது.

மீன்தொட்டி வேறு, பவளத்தொட்டி வேறு. பவளம் ஓர் உயிரினம். தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சமைக்கும் உணவைக் கொண்டே பெரும்பாலும் வாழ்கிறது. நீர் அளவுமீறிச் சூடேறினால் அப்பாசியை இழந்து வெளுத்துப்போகிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே தொட்டியைப் பேணும் முறையை 1961இல் வெளியுலகுக்கு அறிவித்தார். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாறைத்துளைகளில் வாழும் நுண்ணுயிரிகள் மாற்றிவிடுகின்றன. வீட்டில் பவளம் வளர்க்கும் கலைக்கு இதுவே அடித்தளம் எனலாம்.

நண்பரின் கணக்கோ வேறு. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் 35 கிலோ உப்பு வேண்டும். தரைத்தளம் ஆகையால் ஒரு டன்னைத் தாண்டும் எடைக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நாற்பது பாகையைத் தொடும் நம் கோடையில், குளிரூட்டும் கருவி ஓயாமல் இயங்கவேண்டும். மின்சாரம் ஒருநாள் நின்றால் போதும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவே சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கடலாலேயே தாங்க இயலாததை அவருடைய கூடம் தாங்குமா?

அந்த வளைகுடாவின் கதை இன்னும் துயரமானது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் அங்கே பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. இங்கிலாந்தில் ஆசை செய்ததை இங்கே சூளை செய்தது. எஞ்சிய 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியின் வரிசையில் வைக்கப்பட்டன. நம் கடலின் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

இதையெல்லாம் சொன்னபோது நண்பரின் முகம் வாடியது. "பவளம் இல்லாவிட்டால் அது கடலா சார்?" என்றார். பவளம் இருந்தாலும் அது கடலில்லை என்றேன். இரண்டு நாட்கள் அவர் என்னுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். தொட்டியின் அளவைப் பாதியாக்கி, செயற்கைப் பாறைகளை அடுக்கி, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களை மட்டும் விடுவதாகச் சொன்னார். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றுக்காகக் கடலில் யாரும் வலைவீச வேண்டியதில்லை.

பெயரையும் அன்றே சொன்னேன். தாங்கல் என்பது தொண்டைநாட்டில் மழைநீரைத் தேக்கும் சிற்றேரிக்குப் பெயர். நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நீர்நிலை இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "அந்தத் தாங்கல் இப்போது எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டார்.